உடைந்தால் கைதட்ட வேண்டும்

கடப்பாக்கம் கடற்கரையில் அன்று காலை ஒரு படகு மேடேற வேண்டும். ஏறினால் கியாசுதீன் சாரின் பட்டறை இருந்த இடத்திலேயே இருக்கும். ஏறாவிட்டால் அந்த இடத்தை ஐஸ் வியாபாரி ஒருவருக்கு விட்டுவிடுவதென்று மீனவர் பஞ்சாயத்தில் பேசி முடித்துவிட்டார்கள். ஒளிவுமறைவு ஏதுமில்லை. தலைவர் கண்ணாயிரம் என் முகத்துக்கு நேரே சொன்னார்.

“தோ பாரும்மா. பாய் இருந்த வரிக்கும் பாய் மூஞ்சிக்காவ வுட்டோம். இப்ப ஆளு இல்ல. நீங்கல்லாம் லீவு நாள்ல வந்து தட்டிகினு போற பசங்க. அந்த வின்ச்சு என் போட்ட இஸ்து மேல போட்டுச்சின்னா இடம் உங்களுது. இல்லாங்காட்டி சாமான எடுத்துகினு கெளம்பிடு. பேஜாரு பண்ணக்கூடாது.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் இடம் ஊருக்குப் பயன்பட வேண்டும். அந்தக் கரையில் படகை மேலே கொண்டுபோவது உடம்பைத் தின்கிற வேலை. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் எல்லாப் படகையும் ஒரே நேரத்தில் அலைக்கு எட்டாத மேட்டில் ஏற்றியாக வேண்டும். வாடகை டிராக்டர் ஒன்று இருக்கிறது. ஈர மணலில் அதுவே புதைந்துகொள்ளும், அப்புறம் அதை இழுக்க ஆள் தேட வேண்டும். கடைசியில் ஆண், பெண், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாரும் கயிற்றைப் பிடிக்க வேண்டியதுதான். தோள்பட்டை இறங்கியவர்களும் குடல் இறங்கியவர்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

அதற்காகத்தான் சார் வின்ச் செய்ய ஆரம்பித்தார். ஒரு மோட்டார், ஒரு கியர் பாக்ஸ், கம்பிவடம் சுற்றுகிற ஓர் உருளை. சுவிட்சைப் போட்டால் உருளை சுற்றும், வடம் படகை இழுத்துக்கொண்டு வரும். கியர் பாக்ஸைப் பழைய இரும்புக் கடையில் பிடித்தோம். செங்கல்பட்டுக்கு வெளியே மூடிப்போன ஒரு ஜல்லி கிரஷருடையது. அந்த கிரஷரில்தான் என் அம்மா கல் சுமந்தாள்.

“உங்கம்மாவ வேல வாங்குச்சில்ல, இப்ப நாம அத்த வேல வாங்குவோம்” என்றார் சார். அவர் வாயிலிருந்து வந்த உருக்கமான பேச்சு அது ஒன்றுதான்.

வின்ச் முடிந்தது. ஓட்டிப் பார்ப்பதற்குள் அவர் போய்விட்டார். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்து நாஸ்தாவுக்கு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவர் மனைவி ரோஷன் பீவி, இறந்த கணவருக்காக வீட்டோடு இருக்கிற இத்தாவை முடித்து வெளியே வரும்வரை வின்ச்சைத் தொடுவதில்லை, முதல் சுவிட்சை அவர்தான் போட வேண்டும் என்று பட்டறைப் பிள்ளைகள் நாங்கள் முடிவு செய்தோம். ஊரும் அதுவரை பொறுத்தது.

நான் ரெஜினா. மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். எங்கள் ஆட்கள் தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள். அப்பாவுக்குச் செங்கல் சூளை, அம்மாவுக்கு கிரஷர். பாலிடெக்னிக்கில் அரியர் வைத்துக்கொண்டு நின்ற என்னை, சர்ச்சில் யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மா கடப்பாக்கத்துக்கு பஸ் ஏற்றிவிட்டாள். போய்ச் சேர்ந்தபோது சார் லேத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தார். என் பெயரைக் கேட்கவில்லை. மார்க்கைக் கேட்கவில்லை. “அந்த பதினேழு நம்பர் ஸ்பானர எடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன். “இது பத்தொம்போது” என்றார். அதுதான் எனக்கு அட்மிஷன்.

சாருடைய வாப்பா கடப்பாக்கம் கடைத்தெருவில் கயிறும் நங்கூரமும் ஆணியும் விற்றவர். பிள்ளை டிப்ளமா படித்தார், வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் இன்ஜினியர் ஆனார், ஊரப்பாக்கத்தில் வாடகை வீடு பிடித்தார், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் காலம் தள்ளினார். அங்கே ஒரு பிரஸ் மெஷின். அளவுக்கு மீறிப் பாரம் ஏறினால் உடைந்துபோகட்டும் என்று அதில் வேண்டுமென்றே மெல்லிய பின் ஒன்று வைத்திருப்பார்கள். பின் உடைந்தால் மெஷின் நின்றுவிடும், மனிதன் தப்பிப்பான். அடிக்கடி உடைகிறது, உற்பத்தி கெடுகிறது என்று மேலே இருந்தவர்களுக்கு எரிச்சல். சார் லீவில் போன சமயம் பார்த்து, பின்னைக் கழற்றிவிட்டு கெட்டியான போல்ட்டைப் போட்டார்கள். போல்ட் உடையவில்லை. ஒப்பந்தக் கூலிக்கு வந்த ஓர் இளவட்டத்தின் கை போனது.

விசாரணையில் சார் நடந்ததை நடந்தபடி சொன்னார். அதற்குப் பிறகு அவருக்குப் பதவி உயர்வு என்ற ஒன்று வரவே இல்லை. ஓய்வு பெற்றதும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து கரையில் தகரக் கொட்டகை போட்டார். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை எந்தப் பிள்ளை வந்து நின்றாலும் உள்ளே விட்டார். மீனவர் வீடு, கூலிக்காரர் வீடு, பாய் வீடு, எல்லாம் வந்தது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். எதைச் செய்தாலும் அதை எல்லார் முன்னாலும் பாரம் ஏற்றி உடைக்க வேண்டும். உடைந்ததும் கைதட்ட வேண்டும். பிறகு, செய்தவர் உடைந்த இடத்தில் ஆரம்பித்து, பாரம் இருக்கிற பக்கமாக ஒவ்வொரு பாகத்தையும் கையால் தொட்டுக்கொண்டே போய், எது எதை உடைத்தது என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை புதிதாக ஒன்றை மாட்டக் கூடாது. உடைந்த துண்டு, செய்தவர் பெயரோடு சுவரில் ஏறும்.

நான் முதலில் செய்தது ஒரு சின்ன ஜாக்கி. கல்லை ஏற்றியதும் முறிந்து குடை சாய்ந்தது. அத்தனை பேரும் கைதட்டினார்கள். அம்மா வேலை பார்த்த இடத்தில் கூடை கிழிந்தால் கூலியில் பிடிப்பார்கள். வீட்டில் தம்ளர் உடைந்தால் முதுகில் விழும். உடைத்ததற்குக் கைதட்டல் என்றால் கேலி என்றுதான் எனக்குத் தோன்றியது. அழுதுவிட்டேன்.

“இன்னாத்துக்கு அழுவுற? ஜாக்கி உன்னாண்ட இன்னா சொல்லிச்சு, அத்தச் சொல்லு.”

“உடஞ்சிபோச்சு சார்.”

“அது எனக்கும் தெரியிது. கண்ணு கீது. எங்க உடஞ்சிது? அங்க ஏன் உடஞ்சிது?”

அன்றிலிருந்து என் பெயர் ஜாக்கி. யாருடைய பெயரும் அவர் மண்டையில் நிற்காது, உடைத்த பொருளை வைத்துத்தான் கூப்பிடுவார். கூடுவாஞ்சேரியில் இப்போது சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கலைவாணன் அவருக்குக் கடைசிவரை ‘கதவு’தான். கலை முதன்முதலில் பற்ற வைத்த கேட், திறந்த கையோடு கீல் உடைந்து கழன்று அவன் கால்மேலேயே விழுந்தது.

“சார், உங்க பேரு சொவுத்துல ஒண்ணு கூட இல்லியே?” என்று ஒருமுறை கலை வம்புக்கு இழுத்தான்.

“என்னுது உடையிற அன்னிக்கி ஊருக்கே கேக்கறாப்பல கைதட்டுங்கடா. அதுவரிக்கும் மூடிகினு வேலையப் பாரு” என்றார்.

வின்ச்சுக்காக அவர் கடைசியாக லேத்தில் கடைந்தது ஒரு பித்தளை பின். சுண்டுவிரல் தடிமன்தான். கியர் பாக்ஸையும் உருளையையும் அதுதான் சேர்த்துப் பிடிக்கும். மொத்த வின்ச்சிலும் பலம் குறைந்த பாகம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்தார். மாற்றாகப் போட, அதே அளவில் இன்னொன்றைக் கலைவாணனைக் கடையச் சொன்னார்.

அன்று கரையில் ஷாமியானா போட்டு, சாரின் படத்தை வைத்து, மைக் செட் கட்டியிருந்தார்கள். கண்ணாயிரத்தின் படகு அந்தக் கரையிலேயே பெரியது. அதைக் கரை தட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்து, முன்பக்கத்தில் கம்பிவடத்தை மாட்டித் தயாராக நிறுத்தியிருந்தார்கள். பேச்சு முடிந்ததும் இழுக்க வேண்டியதுதான். ஆனால் பேச்சு முடிய வேண்டுமே. சாரை வாழ்நாளில் பார்த்தேயிராத ஒருவர், அவர் சின்ன வயதில் தெருவிளக்கில் படித்ததாக அழுத்தம் திருத்தமாகச் சொன்னார்.

“தெருவுல வெளக்கே கெடயாது அப்ப” என்று ரோஷன் பீவி என் காதில் சொன்னார். “ரேஷன் பை அறுந்தா கூட, அறுந்த காத கையில வச்சிகினு நடுரோட்டுல நின்னு யோசிக்கிற மனுசன். அரிசியெல்லாம் கீழ கொட்டிக்கினு இருக்கும். இந்தப் பேச்சக் கேட்டிருந்தா எழுந்து போயிருப்பாரு.”

ஒருவழியாக மைக் ஓய்ந்தது. ரோஷன் பீவி புர்காவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்து சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. உருளை சுற்றியது. தளர்ந்து கிடந்த வடம் மணலை உதறிக்கொண்டு எழுந்தது, கம்பிபோல் விறைத்தது. படகு மூக்கைத் தூக்கியது. ஒரு முழம் வந்தது. கூட்டம் ‘ஓ’வென்று கத்தியது.

டப்.

மோட்டார் ஓடுகிறது, உருளை நிற்கிறது. பித்தளை பின் உடைந்துவிட்டது. படகு பழைய இடத்துக்கே சறுக்கியது.

முதலில் யாரோ ஒருவன் சிரித்தான். அப்புறம் கரையே சிரித்தது. ஐஸ் வியாபாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரோஷன் பீவி சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“அவ்ளோதானா?” என்றார் கண்ணாயிரம். “இத்துக்குத்தான் ஆறு மாசம் கொட்டகைய அடச்சிகினு இருந்தீங்களா? எங்க பொம்பளைங்க இஸ்தா கூட இந்நேரம் ஏறியிருக்கும்.”

கலைவாணன் பாய்ந்து வந்தான். வியர்த்துக் கொட்டியது. கைக்குள் ஒரு எஃகு போல்ட்.

“ஜாக்கி, தள்ளு. இத்தப் போட்டு அடிச்சி வுட்டுர்றேன். லாரி ஆக்சிலுக்குப் போடறது. இது ஒடயாது.”

“எங்கேர்ந்து எடுத்த?”

“பாக்கெட்லயே வச்சிகினு வந்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு. சாரு மானம் போவுது, நீ இன்னா வெரலச் சூப்பிகினு நிக்கிற? தள்ளு!”

“போடும்மா அத்த” என்றார் கண்ணாயிரமும். “நாங்க நடுக்கடல்ல இன்ஜின் பின்னு ஒடஞ்சா இன்னா பண்றோம்? ஆணியத் தட்டி வுட்டுகினு வூட்டுக்கு வர்றோம். ஒண்ணும் குடி முழுகிடல. போடு. செத்த ஆளு பேரக் காப்பாத்து.”

அந்த போல்ட்டைப் போட்டிருந்தால் மோட்டார் விடாமல் இழுத்திருக்கும். அது எனக்குத் தெரியும். போடாவிட்டால் இடம் போகும். பட்டறை போனால், இப்போது அங்கே லேத் ஓட்டப் பழகுகிற பிள்ளைகள் அத்தனை பேரும் நாளைக்கு மீன் பெட்டி தூக்கப் போவார்கள். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

நான் குனிந்து உடைந்த பித்தளைத் துண்டை எடுத்தேன். சுட்டது. அதைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு, நிமிர்ந்து, கைதட்டினேன்.

கரையில் என் கைதட்டல் மட்டும் கேட்டது. “பொண்ணுக்குப் பித்து புடிச்சிக்கிச்சு” என்றாள் ஒரு மீன்காரம்மா. நான் நிறுத்தவில்லை. பலமாகத் தட்டினேன். சாரிடம் படித்துவிட்டு மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகளுக்குத் தூக்கு கிரேன் பழுது பார்ப்பவன் தட்டினான். போட் இன்ஜின் மெக்கானிக்காக இருப்பவள் இடுப்புப் பிள்ளையை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுத் தட்டினாள். ஷாமியானாவுக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்த பட்டறைப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஊருக்கே கேட்டது. கலைவாணன் போல்ட்டைப் பிடித்தபடி விழித்தான். பிறகு அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, அவனும் தட்டினான்.

“இன்னாங்கடா இது?” என்றார் கண்ணாயிரம். “எளவு வூட்ல கூத்து கட்றீங்க?”

“இரு நைனா” என்றார் ரோஷன் பீவி. அவர் கண் என் மேலேயே இருந்தது. “ஒடஞ்சது இன்னா சொல்லுதுன்னு அந்தப் பொண்ணு கேக்கப் போவுது. கேட்டு முடிக்கட்டும்.”

நான் உருளையில் கையை வைத்தேன். சரியாக இருந்தது. வடத்தைப் பிடித்துக்கொண்டே மணலில் இறங்கினேன். எங்கும் முறுக்கு இல்லை, பிரிந்த கம்பி இல்லை. முன்பக்கக் கொக்கி அசையவில்லை. படகின் அடியில் கையை விட்டுத் துழாவினேன். கல் இல்லை, கட்டை இல்லை. வெறும் மணல். பக்கவாட்டில் தடவிக்கொண்டே தண்ணீருக்குள் போனேன். முழங்கால், இடுப்பு. அலை ஒன்று முகத்தில் அறைந்தது. பின்பக்கம் வந்ததும், தண்ணீருக்கு அடியில் ஏதோ ஒன்று என் வயிற்றில் இடித்தது.

கயிறு. வீணைக் கம்பிபோல இழுத்துக்கொண்டு கடலுக்குள் போனது.

“தலைவரே!” என்று கத்தினேன். “நங்கூரம் யாரு போட்டது?”

கண்ணாயிரம் மெல்லத் திரும்பி, மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்ற தன் மருமகனைப் பார்த்தார்.

பேச்சு இழுத்துக்கொண்டே போனதில், அலை படகைக் குறுக்கே திருப்பிவிடக் கூடாதே என்று மருமகன்தான் பின்பக்கத்தில் நங்கூரத்தை இறக்கியிருக்கிறார். அதற்குள் மைக் கரகரக்கிறது என்று யாரோ கூப்பிட, ஓடிவிட்டார். வந்த பிறகு நங்கூர நினைப்பே இல்லை. படகு ஓட்டுகிற சாதியில் பிறந்து, நங்கூரத்தைத் தூக்காமல் படகை இழுக்கச் சொல்லியிருக்கிறார்கள், மொத்த ஊரும் உட்கார்ந்து பார்க்க.

“டேய்!” என்று கண்ணாயிரம் துண்டைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்தார். மருமகன் ஷாமியானா கம்பத்தைச் சுற்றி ஓடினார். “மைக்கா புடிக்கிற மைக்கு! கடல்ல கட்டிவச்சிட்டு வந்து இஸ்கச் சொல்றியே, தரையில நீஞ்சறவனே!”

சிரிப்பு இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

கலைவாணன் சிரிக்கவில்லை. அவன் வடம் போன பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் இரண்டு பக்கமும் பாய் விரித்துப் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். வடம் தொடங்குகிற இடத்தில், சுவிட்சுக்குப் பக்கத்தில், ரோஷன் பீவி. போல்ட் உடையாமல் இழுத்திருந்தால் படகின் கொக்கி பிய்ந்திருக்கும், இல்லை வடம் அறுந்திருக்கும். அறுந்த வடம் எப்படிச் சாட்டைபோல் திரும்பி வரும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவன் பாக்கெட்டிலிருந்து போல்ட்டை எடுத்து, கையை ஓங்கி, கடலுக்குள் எறிந்தான்.

“உன் பின்ன எடு, கதவு” என்றேன். “சார் கடையச் சொன்னாரே.”

“அது நான் கடஞ்சது, ஜாக்கி. சாருது மாரி வருமா?”

“அளவு சரியா கீதா?”

“அளவு சரியாத்தான் கீது.”

“அப்புறம் இன்னா? மாட்டு.”

மாட்டினான். பாய் விரித்தவர்களை எழுப்பித் தூரப் போகச் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது, இப்போது எல்லாரும் மறுபேச்சு இல்லாமல் நகர்ந்தார்கள். மருமகன் தண்ணீரில் முங்கி நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாயிரம் படகை ஒருமுறை தானே சுற்றி வந்து, மூக்கிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தார். நான் செய்ததைப் போலவே.

“பாயம்மா, போடுங்க” என்றார்.

சுவிட்ச் விழுந்தது. வடம் எழுந்தது, விறைத்தது. படகு மூக்கைத் தூக்கியது. ஒரு முழம். பித்தளை பின் தாங்கியது. இன்னொரு முழம். அலை பின்னால் வந்து முட்டியதும் அதையும் சேர்த்துக்கொண்டு படகு மணலை உழுதபடி ஏறியது. யாரும் தோள் கொடுக்கவில்லை. யாரும் ‘ஏலேலோ’ சொல்லவில்லை. என் அம்மாவின் முதுகை வாங்கிய கியர் பாக்ஸ் உர்ரென்று ஒரே சீராக ஓடியது. அன்று என்னோடு வந்திருந்த அம்மா, தள்ளி நின்ற கூட்டத்தின் முன்வரிசையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்ப ஒழுங்கா சுத்துது பாரு, திருட்டு நாயி” என்றாள் அதனிடம்.

படகு மேட்டில் போய் உட்கார்ந்தது. சுவிட்சை அணைத்த ரோஷன் பீவி தன் கையையே திருப்பிப் பார்த்தார். “இவ்ளோதானா? சாயங்காலம் வரிக்கும் நான் ஒருத்தியே ஊரு போட்டெல்லாம் ஏத்திடுவேன் போலக்கீதே” என்றார்.

அதற்குப் பிறகு பேச்சுக் கேட்க யாருக்கும் பொறுமையில்லை. அடுத்தது யார் படகு என்று சண்டை தொடங்கிவிட்டது. ஐஸ் வியாபாரியின் வண்டி எப்போது போனது என்று பார்க்கவில்லை.

கண்ணாயிரம் என்னிடம் வந்தார். நன்றி கின்றி எல்லாம் அவர் வாயில் வராது. மடியிலிருந்து வளைந்துபோன ஒரு ஆணியை எடுத்து நீட்டினார். அவருடைய இன்ஜினிலிருந்து அப்போதுதான் கழற்றியது.

“இத்துக்குப் பதிலா பித்தளையில ஒண்ணு கடஞ்சி தா. ஒடயிற மாரியே தா.” போகிறவர் நின்றார். “இடம் உங்களுது. எங்க பசங்களையும் சேத்துக்கணும், பொண்ணுங்களையுந்தான். அந்த மருமவனையும் சேத்துக்கோ. அவனுக்கு இன்னா பேரு வப்பீங்கன்னு எனக்கே தெரியும்.”

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பட்டறைக்குள் எல்லாரும் அடைத்துக்கொண்டு நின்றோம். சுவரில் என் ஜாக்கிக்கும் கலைவாணனின் கீலுக்கும் நடுவில் ஓர் ஆணி அடித்து, பித்தளைத் துண்டை மாட்டினேன். கலைவாணன் பெயின்ட் டப்பாவைத் திறந்து, ‘கியாசுதீன்’ என்று எழுதினான்.

ரோஷன் பீவி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி அதட்டினார்.

“இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? தட்டுங்க!”

தட்டினோம். தகரக் கூரை அதிர்ந்தது. வெளியே இரண்டாவது படகுக்கு வடம் மாட்டிக்கொண்டிருந்தவர்கள், எது உடைந்தது என்று பார்க்க ஓடி வந்தார்கள்.